வட்டத்துக்குள் ஒரு சி

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் சாலையில், கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு வெகு முன்பே, ஒரு பழைய நுழைவாயில் நிற்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸின் வாயில் அது. உள்ளே இருந்த ஸ்டுடியோ இன்று இல்லை. அந்த நிலத்தில் வீடுகள் எழுந்துவிட்டன. லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துத் திரும்பிய டி.ஆர்.சுந்தரம் 1935இல் தொடங்கிய நிறுவனம், சேர்வராயன் மலையடிவாரத்தில் இருந்தபடியே நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) இந்த நிறுவனத்தின் தயாரிப்பு. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956), மலையாளத்தின் முதல் வண்ணப்படம் ‘கண்டம் பெச்ச கோட்டு’ (1961) இரண்டும் இங்கிருந்துதான் வந்தன.

இந்தப் படங்களின் கதையையும் பாட்டையும் பற்றி நிறையப் பேசிவிட்டோம். எனக்கு அவற்றின் தொடக்க அட்டைகள்மேல் தனி ஈர்ப்பு உண்டு. கொட்டகையில் ஜனங்கள் இடம் தேடி உட்காரும் நேரத்தில் ஓடிவிடும் எழுத்துகள் அவை. யார் எடுத்தார், எங்கே எடுத்தார், எந்தச் சுருளில், எந்த ஒலிப்பதிவு முறையில் என்பதெல்லாம் அங்கேதான் பதிவாகியிருக்கிறது. இன்று ஏற்காட்டின் லேடீஸ் சீட் பாறையில் நின்று கைபேசியில் ஐந்து நிமிடக் காட்சி எடுப்பவரும் கடைசியில் ஓர் அட்டை போடுகிறார். அதில் ©, ™, ® என்று மூன்று குறிகளில் ஒன்றையாவது சேர்க்கிறார். பலர் மூன்றையும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த மூன்றும் மூன்று வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. அவை திரையில் ஒழுங்காகத் தெரிவதற்கு வேதியியல், கணிதம், கண்ணின் உடலியல் எல்லாம் ஒத்துழைக்க வேண்டியிருக்கிறது.

1952ஆம் ஆண்டில் நடந்த இரண்டு காரியங்களிலிருந்து தொடங்கலாம். அந்த ஆண்டு மாடர்ன் தியேட்டர்ஸ், ஹாலிவுட்காரர்களுடன் கூட்டுச் சேர்ந்து ‘தி ஜங்கிள்’ என்ற ஆங்கிலப் படத்தை வெளியிட்டது. இயக்கம் வில்லியம் பெர்க். ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்ட்சர் ஆகியோருடன் நம் எம்.என்.நம்பியாரும் நடித்தார், தமிழில் அது ‘காடு’ ஆனது. அதே 1952 செப்டம்பர் 6 அன்று ஜெனீவாவில் உலகப் பதிப்புரிமை உடன்படிக்கை கையெழுத்தானது. வட்டத்துக்குள் அடைபட்ட சி என்ற எழுத்துக்கு உலகம் தழுவிய மதிப்புக் கொடுத்த ஆவணம் அதுதான்.

அதற்கு முன் அந்தக் குறி அமெரிக்காவின் உள்நாட்டுச் சரக்காக இருந்தது. 1909ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டத்தின்படி, வெளியாகும் எல்லாப் படைப்பிலும் ‘காப்பிரைட்’ என்ற சொல் அல்லது அதன் சுருக்கம் இருந்தாக வேண்டும். ஓவியர்கள் முணுமுணுத்தார்கள்: இவ்வளவு நீளச் சொல்லை ஓவியத்தின்மேல் எழுதினால் ஓவியம் கெட்டுப்போகாதா? அவர்களுக்காகச் சட்டம் ஒரு சலுகை தந்தது. வரைபடம், ஓவியம், சிற்பம், புகைப்படம் போன்றவற்றுக்கு மட்டும் வட்டத்துக்குள் சி போதும். திரைப்படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆகவே ‘தி ஜங்கிள்’ வந்த ஆண்டில் அமெரிக்கத் திரையில் ஓடும் படத்துக்கு அந்த வட்டம் சட்டப்படி போதுமானதாக இருக்கவில்லை. சொல்லாகவே எழுதியிருக்க வேண்டும். ஜெனீவா உடன்படிக்கை 1955இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் அமெரிக்கா தன் சட்டத்தைத் திருத்தி எல்லாப் படைப்புகளுக்கும் அந்தக் குறியை அனுமதித்தது.

உடன்படிக்கை கேட்டது மூன்றே மூன்று: ©, உரிமையாளரின் பெயர், முதல் வெளியீட்டு ஆண்டு. இந்த மூன்றும் எல்லாப் பிரதியிலும் இருந்தால், வேறு சம்பிரதாயங்களை வற்புறுத்தும் நாடுகளும் அந்த வெளிநாட்டுப் படைப்பைக் காப்பாற்ற வேண்டும். இந்தியா இந்த உடன்படிக்கைக்குள் வந்த நாள் 1958 ஜனவரி 21. நமது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமும் அதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் இந்தியாவுக்குள் இந்தக் குறி ஒருநாளும் கட்டாயமாக இருந்ததில்லை. 1886இல் உருவான பெர்ன் உடன்படிக்கையின் கொள்கை வேறு: படைப்பு பிறந்ததுமே உரிமையும் பிறந்துவிடுகிறது, பதிவு, முத்திரை, குறி எதுவும் தேவையில்லை. இந்தியா 1928 முதல் அந்த உடன்படிக்கையில் இருக்கிறது. அமெரிக்கா அதில் சேர்ந்தது 1989 மார்ச் 1 அன்றுதான். அதுவரை அங்கே குறியை மறந்தவர்களுக்கு நடந்ததை நினைத்தால் இன்றும் மனம் பதறுகிறது.

பிட்ஸ்பர்க் நகரத்தில் ஜார்ஜ் ரொமேரோவும் நண்பர்களும் சொற்பப் பணத்தில் ஒரு பேய்ப்படம் எடுத்தார்கள். ‘நைட் ஆஃப் த ஃபிளெஷ் ஈட்டர்ஸ்’ என்று பெயர். பதிப்புரிமை வரி தலைப்பு அட்டையிலேயே இருந்தது. விநியோகஸ்தர் பெயரை மாற்றச் சொன்னார். ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ என்று புது அட்டை எழுதி ஒட்டினார்கள். பழைய அட்டையோடு உரிமை வரியும் போய்விட்டது. 1968இல் படம் வெளியாகி உலகப் புகழ் பெற்றது. அன்றைய அமெரிக்கச் சட்டப்படி குறிப்பில்லாமல் வெளியான படம் எல்லாருடைய சொத்து. எடுத்தவர்களைக் கேட்காமல் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்து விற்றார்கள். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பு வந்த ‘ஷரேடு’ படத்தின் அட்டையில் ஆண்டு இருந்தது, நிறுவனங்களின் பெயர்கள் இருந்தன, எல்லா உரிமைகளும் தமக்கே என்ற வாசகமும் இருந்தது. ‘காப்பிரைட்’ என்ற சொல்லோ © குறியோ மட்டும் இல்லை. கேரி கிராண்டும் ஆட்ரி ஹெப்பர்னும் நடித்த அந்தப் பெரிய படமும் அப்படியே பொதுவுடைமை ஆயிற்று.

அப்படியானால் குறி இல்லாமலே உரிமை தரும் நம் நாட்டில் அதை எதற்காகப் போட வேண்டும்? நம் சட்டத்தின் 55ஆம் பிரிவில் இதற்கு நல்ல விடை இருக்கிறது. வெளியான பிரதியில் படைப்பாளி என்றோ வெளியீட்டாளர் என்றோ யாருடைய பெயர் காணப்படுகிறதோ, அவரையே அப்படி நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். மறுப்பவர்தான் மாறாக நிரூபிக்க வேண்டும். 2012 திருத்தத்தில் திரைப்படமும் இந்தப் பிரிவுக்குள் வந்தது. பணம் இல்லாத சிறிய படைப்பாளிக்கு இது மிகப் பெரிய துணை. வழக்கின் சுமையை எதிராளியின் தோளில் ஏற்றிவிடும் வேலையை அந்த ஒற்றை வரி செய்கிறது.

வீடியோவுக்கு இன்னும் கண்டிப்பான விதி உண்டு. 1980களில் வீடியோ கேசட் ஊர் ஊராகப் பரவியபோது, புதுப்படம் கொட்டகைக்கு வந்த வாரமே திருட்டுக் கேசட்டும் வந்தது. 1984இல் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். வீடியோ படம் வெளியிடுபவர், அதைத் தயாரித்தவரின் பெயரையும் முகவரியையும், உரிமையாளரின் பெயரையும் முகவரியையும், உரிமையாளரிடம் அனுமதி பெற்றிருக்கிறேன் என்று தயாரித்தவர் தரும் உறுதிமொழியையும் காட்ட வேண்டும். தணிக்கை தேவைப்படும் படமானால் சான்றிதழின் நகலையும் காட்ட வேண்டும். கேசட்டின் உறையில் மட்டும் இருந்தால் போதாது, ஓடும் படத்திலும் தெரிய வேண்டும். மீறினால் மூன்றாண்டு வரை சிறை. சின்ன வயதில் கேசட் போட்டதும் வரும் நீண்ட எழுத்து வரிசையை அவசரமாக ஓட்டிவிட்டவர்கள் நாம். அந்த வரிசையின் பின்னால் இருந்தது இந்தப் பிரிவுதான்.

™, ® இரண்டும் வேறு குடும்பம். © படைப்பைச் சார்ந்தது. இவை பெயரையும் அடையாளத்தையும் சார்ந்தவை. ஜெமினி ஸ்டுடியோவின் ஊதுகுழல் இரட்டையர் தெரிந்ததும் பெயரைப் படிக்காமலே யார் படம் என்று அந்தக் காலத்து ரசிகர்களுக்குத் தெரிந்துவிடும். வணிகக்குறி செய்ய வேண்டிய வேலை அதுவே: இந்தச் சரக்கு யாரிடமிருந்து வந்தது என்று சொல்வது. ‘அலிபாபா’வின் விளம்பரத்தில் ‘கேவாகலர்’ என்ற பெயர் முன்னால் நின்றது. அது பெல்ஜியத்தின் கேவார்ட் நிறுவனம் தன் வண்ணச் சுருளுக்கு இட்ட வணிகப் பெயர். ஆர்.சி.ஏ., வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்று பழைய படங்களின் அட்டைகளில் வரும் ஒலிப்பதிவுப் பெயர்களும் அப்படித்தான். நம் தாத்தாக்கள் இந்தப் பெயர்களைச் சொல்லிப் படத்தின் தரத்தைப் பேசினார்கள்.

™ என்று போட யாரிடமும் அனுமதி வேண்டாம். இந்தப் பெயரை என் வணிகக்குறியாக வைத்திருக்கிறேன் என்ற அறிவிப்பு அவ்வளவுதான். ® அப்படியில்லை. பதிவேட்டில் ஏறிய குறிக்கு மட்டுமே அது உரியது. பதிவாகாத பெயருக்குப் பக்கத்தில் ® போடுவதை 1999ஆம் ஆண்டு வணிகக்குறிகள் சட்டத்தின் 107ஆம் பிரிவு குற்றமாக வைத்தது. மூன்றாண்டு வரை சிறை கிடைக்கலாம் என்றது. 2023இல் வந்த திருத்தம் சிறையை எடுத்துவிட்டுக் கனத்த பணத்தண்டனையாக மாற்றியது. அழகுக்காக ® சேர்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிட வேண்டும். விண்ணப்பித்துக் காத்திருப்பவரும் பதிவு கிடைக்கும்வரை ™தான் போட முடியும்.

பதிவும் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைப்பதில்லை. சரக்குகளும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மலைத்தோட்டத்துக் காப்பித்தூளுக்கு 30ஆம் வகுப்பு, படத்தயாரிப்புக்கு 41. தோட்டக்காரர் தன் காப்பிப் பெயரை 30இல் பதிந்திருக்கிறார் என்பதற்காக, அதே பெயரில் தொடங்கிய வீடியோ சேனலின் அட்டையில் ® போட்டுவிட முடியாது. ‘ஏற்காடு’ என்ற ஊர்ப்பெயரை மட்டும் தனித்துப் பதிவதும் எளிதன்று; சரக்கு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லும் பெயரைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு தடுக்கிறது. ஊரின் பெயர் ஊராருக்கெல்லாம் பொது. அதற்காகத்தான் புவிசார் குறியீடு என்ற தனி ஏற்பாடு. மலைக்குக் கீழே சேலம் ஜவ்வரிசி 2023இல் அதைப் பெற்றது.

படத்தின் பெயருக்கும் இதில் ஓர் இடம் உண்டு. வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2015இல், ‘தேசி பாய்ஸ்’ பட வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் ‘ஷோலே’ என்ற தலைப்பு வணிகக்குறியாகப் பாதுகாக்கப்படும் என்று தில்லி உயர் நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. ஆகவே ஒரே அட்டையில் தலைப்புக்கு மேலே ™ நிற்கலாம், அடியில் © நிற்கலாம். இரண்டுக்கும் ஆயுள் வேறு. வணிகக்குறியைப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். பதிப்புரிமைக்கு முடிவு உண்டு.

இனி இந்தக் குறிகளைத் திரையில் எப்படி நிறுத்துகிறார்கள் என்று பார்க்கலாம். எனக்கு எப்போதும் வியப்புத் தருவது இந்தப் பகுதிதான்.

சுருள் காலத்தில் எழுத்துக் கலைஞர் அட்டையிலோ கண்ணாடியிலோ தூரிகையால் எழுதுவார். அதைக் கேமராவின் கீழ் வைத்துப் படம் பிடிப்பார்கள். காட்சியின்மேல் எழுத்து மிதக்க வேண்டுமானால் இரண்டையும் ஒரே சுருளில் சேர்த்துப் பதிவார்கள். 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு சட்டத்தின் உயரம் சுமார் 16 மில்லிமீட்டர். அதில் முப்பதில் ஒரு பங்கு உயரத்துக்கு ஒரு வரி எழுதினால் எழுத்து அரை மில்லிமீட்டர் இருக்கும். அதன் தோளில் நிற்கும் ™ வெறும் 0.2 மில்லிமீட்டர். கண்ணுக்குப் புள்ளிபோலத் தெரியும். ஆனால் சுருளின் வெள்ளி உப்புத் துகள்கள் மைக்ரான் அளவு நுண்மையானவை. ஒரு மில்லிமீட்டருக்குள் ஐம்பது கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறன் நல்ல சுருளுக்கு உண்டு. 0.2 மில்லிமீட்டரில் பத்துக் கோடுகள். டி, எம் இரண்டின் கால்களும் தெளிவாக விழுவதற்கு அது போதும். ஐந்து மீட்டர் உயரத் திரையில் முந்நூறு மடங்கு பெருகி, அந்தப் புள்ளி ஆறு சென்டிமீட்டர் எழுத்தாகப் பின்வரிசை வரைக்கும் தெரியும்.

முப்பது ஆண்டு கழித்து அதே படம் வீட்டுக்கு வி.ஹெச்.எஸ். நாடாவில் வந்தபோது இந்த நுண்மை போய்விட்டது. அந்த நாடா குறுக்குவாட்டில் சுமார் 240 கோடுகளுக்கு மேல் பிரித்துக் காட்டாது. குறி குழம்பியது.

தொலைக்காட்சியில் சிக்கல் இன்னும் விசித்திரமானது. இந்தியா எடுத்துக்கொண்ட பி.ஏ.எல். முறையில் படம் 576 கிடைவரிகளால் ஆனது. நொடிக்கு 25 முழுப்படம். ஆனால் ஒரு முழுப்படத்தை ஒரே மூச்சில் அனுப்புவதில்லை. முதல் ஐம்பதில் ஒரு நொடியில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை வரிகள். அடுத்த ஐம்பதில் ஒரு நொடியில் 2, 4, 6 என்று இரட்டைப்படை வரிகள். இப்படிப் பின்னி அனுப்பினால் அலைவரிசை மிச்சம், கண்ணுக்கும் அசைவு வழுவழுப்பாகத் தெரியும். அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரே ஒரு வரி கனமுள்ள மெல்லிய கிடைக்கோட்டை நினைத்துப் பாருங்கள். அது இரண்டு பாதியில் ஒன்றில் மட்டுமே வரும். நொடிக்கு 25 முறை தோன்றி மறையும். கண் அதை நடுக்கமாக உணர்கிறது. © வட்டத்தின் உச்சியும் அடியும் ஏறத்தாழக் கிடைக்கோடுகள். ™ குறியில் டி எழுத்தின் தலைக்கோடும் அப்படியே. அசையாத அட்டையில் மற்ற எழுத்தெல்லாம் அமைதியாக நிற்க, இந்தக் குறிகள் மட்டும் துடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இதுதான்.

கீழிருந்து மேலே ஊர்ந்துபோகும் பெயர்ப்பட்டியலில் நடப்பது இதைவிடப் பெரிய அதிசயம். எழுத்துகள் ஐம்பதில் ஒரு நொடிக்குச் சரியாக ஒரு வரி வீதம் மேலேறுகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதல் பாதியில் திரை ஒற்றைப்படை வரிகளைக் காட்டுகிறது. எழுத்தின் ஒற்றைப்படை வரிகள் தெரிகின்றன. அடுத்த பாதியில் திரை இரட்டைப்படைக்கு மாறுகிறது. அதற்குள் எழுத்தும் ஒரு வரி மேலே நகர்ந்துவிட்டதால், அந்த இரட்டைப்படை இடத்தில் வந்து நிற்பது மறுபடியும் எழுத்தின் ஒற்றைப்படை வரியே! மூன்றாம் பாதியிலும் அதுவே, நான்காவதிலும் அதுவே. எழுத்தின் இரட்டைப்படை வரிகள் திரையின் அடியிலிருந்து உச்சிவரை பதினோரு நொடிக்கு மேல் பயணம் செய்தும் ஒரு கணம்கூடப் பார்வையாளருக்குக் காட்டப்படுவதே இல்லை. டி எழுத்தின் தலைக்கோடு அந்த இருட்டு வரியில் விழுந்தால் டி வெறும் குச்சியாகிவிடும். © வட்டம் உச்சியிலோ அடியிலோ திறந்துகொள்ளும். ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு வரி என்று வேகத்தை மாற்றினால் எல்லா வரியும் ஒழுங்காக வந்துவிடுகிறது. ஒற்றைப்படை வேகம் பாதியை விழுங்கும், இரட்டைப்படை வேகம் முழுவதையும் காட்டும். சட்டத்தின்முன் உரிமையைச் சொல்ல வேண்டிய ஒரு குறி, ஓர் எண் ஒற்றையா இரட்டையா என்பதில் தங்கியிருந்தது. அந்தக் காலத்துத் தொலைக்காட்சி நிலையத்துத் தலைப்புப் பிரிவினர் இதற்காகவே வேகத்தைக் கணக்குப் பார்த்து வைத்தார்கள்; மெல்லிய கோடுகளை இரண்டு வரிக் கனத்துக்குத் தடிப்பாக்கினார்கள்; ஓரங்களைச் சற்றே மங்கலாக்கினார்கள். அவர்களில் எவர் பெயரும் அந்தப் பட்டியலில் வந்ததில்லை.

இன்றைய கைபேசித் திரையில் பின்னல் முறை இல்லை. இங்கே வேறு எதிரி, சுருக்கம். 1080 வரி வீடியோவில் 40 புள்ளி உயர எழுத்துக்குப் பக்கத்தில் ™ ஏறத்தாழ 16 புள்ளி இருக்கும். பார்ப்பவர் மலைச்சரிவில் சிக்னல் குறைந்த இடத்தில் இருந்தால் படம் 240 வரிக்கு இறங்கும்; அப்போது அந்தக் குறிக்கு மிஞ்சுவது மூன்றரைப் புள்ளி. அதற்குள் எம் எழுத்தின் நான்கு கோடுகளை எந்தக் கணினியாலும் வரைய முடியாது. சுருக்கும் மென்பொருள் படத்தைச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் அலைகளின் கூட்டலாக மாற்றி, நுண்ணிய அலைகளை முதலில் வீசிவிடுகிறது. வானம், பனி, ஏரி எல்லாம் அகன்ற அலைகளால் ஆனவை, தப்பிவிடும். வளைந்த சிறு விளிம்புகள் நுண்ணிய அலைகளால் ஆனவை. அவையே முதல் பலி. மிஞ்சிய அலைகள் குறியைச் சுற்றி மொய்க்கும். பொறியாளர்கள் அதற்குக் கொசு இரைச்சல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்.

நிறத்திலும் கவனம் வேண்டும். நம் கண் ஒளியின் வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிறத்தின் வேறுபாட்டை மந்தமாகவும் பார்க்கிறது. இதைப் பயன்படுத்திக்கொண்டு, வழக்கமான வீடியோ நான்கு புள்ளிக்குச் சேர்த்து ஒரே நிறத்தகவலைச் சேமிக்கிறது. ஒளியை மட்டும் புள்ளிக்குப் புள்ளி வைத்திருக்கிறது. ஆகவே நீலத்தின்மேல் சிவப்பு © கரைந்துபோகும், கறுப்பின்மேல் வெள்ளை © நிற்கும். சொல்லப்போனால், பழைய கறுப்பு வெள்ளை அட்டைகள் இன்றைய திரைக்கும் பொருத்தமானவை.

குறி சரியாகத் தெரிவதற்கு முன்னால் அது சரியான குறியாக வந்து சேர வேண்டும். தமிழில் தலைப்பு எழுதுபவர்கள் இதில் பட்ட பாடு தனி. கணினிக்கு எழுத்தென்பது எண். முதலில் வந்த ஆங்கிலப் பட்டியலில் 128 இடங்களே. அதில் இந்தக் குறிகளுக்கு இடமில்லை. 256 இடங்களாக விரிந்தபோது © 169ஆம் எண்ணையும் ® 174ஆம் எண்ணையும் பெற்றன. விண்டோஸ் கணினியில் ஆல்ட் விசையோடு 0169 அடித்தால் © வருவது அந்த வரலாற்றின் மிச்சம். 1990களின் பிற்பாதியில் பல நாட்டுத் தமிழர்கள் மின்னஞ்சலில் வாதாடி ‘தஸ்கி’ என்ற தமிழ் எழுத்துக் குறியேற்றத்தை உருவாக்கினார்கள். கீழ்ப்பாதியை ஆங்கிலத்துக்கு விட்டு, மேல்பாதி 128 இடங்களில் தமிழை நிரப்பினார்கள். இடம் போதாத அந்த நெருக்கடியிலும் 169இல் ©ஐ அப்படியே விட்டுவைத்தார்கள். 174ஐ மட்டும் ஈ எழுத்துக்குக் கொடுத்தார்கள்.

விளைவு சுவையானது. தஸ்கி எழுத்துருவில் ® வேண்டி 0174 அடித்தால் ஈ வந்து உட்காரும். மாறாக, தஸ்கியில் எழுதிய ‘ஈரோடு’ அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ® என்றே தொடங்கும். இன்றைய யூனிகோடு முறையில் © கோப்பில் 194, 169 என்று இரண்டு எண்களாகச் சேமிக்கப்படுகிறது; அந்தக் கோப்பைத் தஸ்கி என்று நினைத்துத் திறந்தால் 194 ய எழுத்தின் எண் ஆதலால், ‘ய©’ என்று தெரியும். பழைய எழுத்துருக்களை இன்றும் கைவிடாத கல்யாண வீடியோக் கடைகளில் குறிக்குப் பதில் தமிழெழுத்தோ வெற்றுக் கட்டமோ வந்து நிற்பது இதனால்தான். குறியை மட்டும் தனி எழுத்துப் பெட்டியில், யூனிகோடு எழுத்துருவில் வைத்தால் தீர்ந்துவிடும். கைபேசியில் இன்னொரு தொல்லை: இந்த மூன்று குறிகளுக்கும் எமோஜி வடிவமும் உண்டு. சில செயலிகள் எழுத்தை விட்டுவிட்டுக் கொழுத்த படத்தைப் போட்டுவிடும். வீடியோவை முடித்ததும் மிகக் குறைந்த தரத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது. அதிலும் பெயரும் ஆண்டும் படிக்க முடிந்தால் அட்டை சரி.

ஆண்டு ஏன் அவ்வளவு முக்கியம்? ஆயுளை அதிலிருந்தே எண்ணுகிறோம். 1957 சட்டத்தின்கீழ் வெளியான திரைப்படத்துக்கு, வெளியான ஆண்டு முடிந்து அடுத்த ஜனவரி 1 முதல் 60 ஆண்டு உரிமை. 1992க்கு முன் அது 50 ஆக இருந்தது. ‘கண்டம் பெச்ச கோட்டு’ 1961இல் வந்தது. படம் என்ற அளவில் அதன் உரிமை 2021 டிசம்பர் 31 அன்று முடிந்துவிட்டது. ஆனால் படத்துக்குள் வேறு படைப்புகள் இருக்கின்றன. பாடல் எழுதிய பி.பாஸ்கரன் 2007இல் மறைந்தார். எழுத்துக்கும் இசைக்கும் படைத்தவர் மறைந்தபின் 60 ஆண்டு என்பதால் வரிகளின் உரிமை 2067 முடியும்வரை. இசையமைத்த பாபுராஜ் மறைந்தது 1978, இசைக்கு 2038வரை. உரிமை இப்போது யார் கையில் இருந்தாலும் ஆயுட்கணக்கு இதுதான்.

ஏற்காட்டு மலைப்பாதையைப் படம் பிடித்து, கீழே அடிவாரத்தில் உருவான பாட்டு ஒன்றைப் பின்னணியில் போட ஆசைப்படுகிறவர் இந்த அடுக்குகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மாடர்ன் தியேட்டர்ஸின் ‘வல்லவன் ஒருவன்’ 1966இல் வந்த படம். படத்தின் உரிமை 2026 டிசம்பர் 31 வரை. பாடல் எழுதிய கண்ணதாசன் மறைந்தது 1981இல். அந்த வரிகளுக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. இசையமைத்த வேதா, இந்தி மெட்டுகளைத் தமிழுக்குத் தழுவித் தருவதில் பெயர்பெற்றவர். தழுவிய மெட்டானால் மூல இசையமைப்பாளரின் ஆயுளையும் தனியே எண்ண வேண்டும். பாதையின் காட்சிகளுக்கு எடுத்தவர் தன் பெயரும் ஆண்டும் சேர்த்து © போட்டுக்கொள்ளலாம். பாட்டுக்கு உரியவரின் பெயரை அதற்கு அடுத்த வரியில், அவரிடம் அனுமதி வாங்கியபின், எழுத வேண்டும்.